கண்ணுக்கு நிஜ இன்ஜின், உள்ளே நொறுங்கும் அடிச்சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மாதிரி ரயில்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எழுத இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் "ஒருமுறை நல்ல இன்ஜினாகப் பார்த்து வாங்கிவிட்டால் பேரன் காலம்வரை ஓடும்" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கும் வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டு மாடியில் ஒரு பெஞ்சின் மேல் தண்டவாளம் பரப்பி, வெளிநாட்டு மாதிரி இன்ஜின்களை ஓட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இப்போது வரும் இன்ஜின்களில் பேரன் காலம்வரை நிற்கக் கூடியது மேற்கூடு மட்டும்தான். உள்ளே இருப்பவற்றுக்கு அந்த ஆயுள் இல்லை. ஆயுள் முடிந்தபின் மாற்றிப் போட உதிரிபாகமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

என் கைக்கு நேர்ந்ததையே முதலில் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்றபோது உடன் வேலை பார்த்த நண்பர்கள் பணம் போட்டு, பச்சை வண்ணம் பூசிய பிரிட்டிஷ் நீராவி இன்ஜின் ஒன்றை வரவழைத்துப் பரிசாகக் கொடுத்தார்கள். எட்டு இணைப்புக் கம்பிகள், வேலைப்பாடு மிகுந்த வால்வு கியர், ஓட்டுநர் அறையில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்கூட வண்ணத்தில் தீட்டியிருந்தது. மொத்தமாக நான்கு மணி நேரம் ஓட்டியிருப்பேன். அதன் பிறகு வீடு மாறினோம். பெட்டி பரண்மேல் போய்விட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து இறக்கிப் பார்த்தபோது இன்ஜின் பெட்டியின் பள்ளத்திலிருந்து வெளியே வர மறுத்தது. போன அளவில் அது இல்லை, நீளம் கூடியிருந்தது. வலிந்து எடுத்தபோது முன்பக்கத்தில் மோதலைத் தாங்கும் பஃபரின் தாங்கி விரல்களுக்கு நடுவே காய்ந்த ரஸ்க் போல உதிர்ந்தது. மேற்கூட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளிருந்த உலோக அடிச்சட்டம் நடுவில் உயர்ந்து வளைந்திருந்தது. அதன் பக்கவாட்டில் மயிரிழை போல விரிசல்கள் ஓடின. கீழே விழவில்லை, நனையவில்லை, ஒருவர் கையும் படவில்லை. பெட்டிக்குள் பத்திரமாக இருந்தபடியே அது கெட்டிருக்கிறது.

இது புது நோய் அன்று. இந்த அடிச்சட்டங்களை வார்ப்பது துத்தநாகக் கலவையில். பிரிட்டனில் இதை மசாக் என்றும் மற்ற இடங்களில் ஸமாக் என்றும் சொல்வார்கள். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. மலிவு, எளிதில் உருகும், அச்சில் நுணுக்கமாக வார்க்கலாம், எடையும் இருக்கும் என்பதால் மாதிரி இன்ஜினுக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு பத்தியம் உண்டு. காரீயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவை அதில் கலக்கவே கூடாது. காரீயத்துக்கு அனுமதிக்கப்படும் மேல்வரம்பு 0.005 சதவீதம், அதாவது நூறு கிலோ உலோகத்தில் ஐந்து கிராம். ஒரு தொழிலாளி பற்றவைப்பு ஈயத் துணுக்கு ஒட்டியிருக்கும் பழைய வார்ப்பைத் தெரியாமல் உலோகம் உருக்கும் பாத்திரத்தில் போட்டாலே அன்று உருக்கிய உலோகம் முழுவதும் கெட்டுவிடும். அப்படிக் கலந்துவிட்ட காரீயம் உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளில் தங்கிவிடுகிறது. பின்பு காற்றின் ஈரமும் வெப்பமும் அந்த எல்லைகள் வழியாக உள்ளே அரித்துக்கொண்டு போகின்றன. உலோகம் முதலில் பருக்கிறது, பிறகு விரிகிறது, கடைசியில் பொடியாகிறது. இதற்கு மருந்து இல்லை. வண்ணம் பூசியோ பசை ஊற்றியோ நிறுத்த முடியாது. ஈரமும் வெப்பமும் இதை விரைவுபடுத்தும் என்பதால் ஐரோப்பியக் குளிர் நாட்டு அலமாரியில் 15 ஆண்டு தாங்கும் ஒரு வார்ப்பு நம் ஊர்ப் பரணில் அதே காலம் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

லிவர்பூலிலிருந்து 1938-ல் வெளிவரத் தொடங்கிய ஹார்ன்பி டப்ளோ என்ற மாதிரி ரயில் வண்டிகளில், போருக்கு முன் வார்த்தவை பல இந்த நோயாலேயே அழிந்தன. அதற்கான காரணத்தை உலோகவியலாளர்கள் அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தூய்மை 99.99 சதவீதம் உள்ள துத்தநாகத்தை மட்டும் பயன்படுத்துவதும், கழிவு வார்ப்புகளை மறுபடி உருக்கும்போது தனியே பரிசோதிப்பதும்தான் தீர்வு என்றும் சொல்லிவிட்டார்கள். போருக்குப் பிந்திய வார்ப்புகள் பெரும்பாலும் இன்றும் நலமாக இருக்கின்றன. அப்படியிருக்க, இந்த நூற்றாண்டின் முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளில் சீனத் தொழிற்சாலைகளில் வார்த்த பிரிட்டிஷ் மாதிரிகள் சிலவற்றில் அதே நோய் திரும்பவும் தலைகாட்டியதை என்னவென்று சொல்வது? எட்டாம் வகுப்புப் பாடத்தை மறந்துவிட்டுக் கல்லூரித் தேர்வு எழுதப் போனது போல இருக்கிறது. சாளரச் சட்டத்தின் ஆணித்தலைகளை எண்ணிச் சரிபார்க்க ஆள் வைக்கிற நிறுவனம், உலோகம் உருக்கும் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சோதிக்க ஆள் வைக்கவில்லை.

இரண்டாவது குறை பல்சக்கரம். என்னிடம் ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் டீசல் இன்ஜினைப் போன்ற மாதிரி ஒன்று இருக்கிறது. நம் ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜினும் ஆல்கோ வடிவமைப்பில் பிறந்தது என்பதால் அதற்கு நம் ரயில்வே வண்ணத்தைப் பூசி வைத்திருந்தேன். ஒருநாள் ஓடும்போது சீரான இடைவெளியில் "டக்... டக்..." என்று ஒரு சத்தம். தண்டவாள இணைப்பில் வரும் சத்தம் என்றால் வேகம் மாறினாலும் அதே இடத்தில்தான் வரும். இது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒருமுறை வந்தது. சக்கரங்களைத் தாங்கும் போகியைப் பிரித்து, அச்சின் நடுவிலிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, இரண்டு பற்களுக்கு நடுவிலிருந்து துளைவரை ஒரு விரிசல் நேராக இறங்கியிருந்தது. விரிந்த இடத்தில் பற்களின் இடைவெளி கூடிவிட்டதால், அந்த இடம் வரும்போதெல்லாம் அடுத்த பல்சக்கரம் அதில் ஏறி இறங்கியிருக்கிறது. மற்ற அச்சுகளையும் பார்த்தேன், அத்தனையிலும் விரிசல்.

இதுவும் ஓட்டியதால் வந்த தேய்மானம் இல்லை. பல்சக்கரத்தின் துளையை அச்சின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாக வைத்து அழுத்தி ஏற்றுகிறார்கள். நிஜ ரயில் சக்கரத்தையும் நாங்கள் அப்படித்தான் டன் கணக்கான விசையில் அழுத்தி அச்சில் ஏற்றுவோம். ஆனால் அது எஃகு. அந்த இறுக்கத்தை ஆயுள் முழுவதும் தாங்கும். பிளாஸ்டிக் அப்படித் தாங்காது. நாள்தோறும் இழுபட்டுக்கொண்டே இருந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மிகவும் மெலிந்த இடத்தில் பிளந்துவிடும். துளையை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பெரிதாக்கியிருந்தாலோ, பல்சக்கரத்தின் நடுவில் பித்தளைக் குழல் ஒன்றை வைத்திருந்தாலோ இது வந்திருக்காது. செலவு சில ரூபாய். வேறொரு அமெரிக்க நிறுவனத்தின் பல்சக்கரம் பற்களின் எண்ணிக்கையிலும் அளவிலும் இதற்குப் பொருந்தும் என்று அனுபவப்பட்ட ஒருவர் சொன்னதால் என் இன்ஜின் பிழைத்தது. அந்தத் தகவல் கிடைக்காத எத்தனையோ பேர் மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்து நல்ல இன்ஜினை ஓரம் கட்டியிருப்பார்கள்.

மின்சாரம் எடுக்கும் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு தண்டவாளங்களிலிருந்து சக்கரம் வழியாகவும், சக்கரத்தின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய பாஸ்பர் வெண்கலத் தகடு வழியாகவும் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. நான்கே சக்கரங்கள் கொண்ட சின்ன ஷண்டிங் இன்ஜின், தடம் பிரியும் பாயிண்டின் நடுவில் தண்டவாளங்கள் குறுக்கிடும் பிளாஸ்டிக் கிராஸிங்கைக் கடக்கும்போது ஒரு சக்கரம் மின்சாரம் இல்லாத இடத்தில் நிற்கிறது, இன்னொன்று தூசியில் நிற்கிறது; வண்டி நின்றுவிடுகிறது. விரலால் தள்ளிவிட்டால்தான் நகரும். இழுவிசை போதவில்லை என்று சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டிவிடுகிறார்கள். அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது, வளையம் தேயத் தேயத் தண்டவாளத்தில் கறுப்பு அழுக்கும் படியும். இதற்குப் பதில் இன்ஜினின் எடையைக் கூட்டலாம். அதற்கு இடம் எங்கே என்றால், அந்த இடத்தில் இப்போது ஒலிபெருக்கி உட்கார்ந்திருக்கிறது. ஹாரன் அடித்துக்கொண்டே இன்ஜின் ஒரே இடத்தில் சக்கரத்தைச் சுழற்றுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

கட்டுரையில் "அச்சு அசல்" என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. அதைப் பற்றியும் ஒரு பணிமனைக்காரனாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பரவலாக விற்கும் ஓஓ அளவில் இன்ஜினின் உடல் நிஜத்தில் சுமார் 76-ல் ஒரு பங்கு. ஆனால் அது ஓடும் தண்டவாளத்தின் அகலமான 16.5 மில்லிமீட்டர், 87-ல் ஒரு பங்கான ஹெச்ஓ அளவுக்கு உரியது. பிரிட்டிஷ் இன்ஜின்கள் மற்ற ஐரோப்பிய இன்ஜின்களைவிட ஒடுக்கமானவை. அக்காலத்து மோட்டார் அந்த ஒடுக்கமான உடலுக்குள் நுழையவில்லை. ஆகவே தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். விளைவாக, நிஜத்தில் 4 அடி 8½ அங்குலம் இருக்க வேண்டிய பாதை, அந்த உடலுக்குக் கீழே 4 அடி 1½ அங்குலமாகிவிடுகிறது. ஏழு அங்குலம் குறைவு. அந்தக் காலத்து மோட்டார் போய், சுண்டுவிரல் பருமன் மோட்டார் வந்துவிட்டது. பாதை அப்படியே இருக்கிறது. கோடிக்கணக்கில் விற்றுவிட்ட தண்டவாளத்தை இனி யார் மாற்றுவார்கள்? ஒவ்வோர் ஆணித்தலையையும் நிஜம்போல வைத்துவிட்டு, அதற்குக் கீழே சக்கரங்களை மட்டும் உட்பக்கமாக ஒடுக்கி வைத்திருப்பது, முன்புறத்திலிருந்து பார்க்கும்போது என் கண்ணை உறுத்தாத நாள் இல்லை. மேலைநாடுகளில் சிலர் அந்த உடலுக்குச் சரியாகப் பொருந்தும் 18.83 மில்லிமீட்டர் பாதையைப் பொறுமையாகத் தாங்களே அமைத்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

நம் நாட்டு அகலப்பாதைக்கு இந்த முரண் இன்னும் பெரியது. நம் பாதை 1676 மில்லிமீட்டர். ஹெச்ஓ அளவில் அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். ஆனால் இங்கே செய்யும் மாதிரிகளும் கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. அப்படியென்றால் ஒன்பதரை அங்குலம் குறைந்த பாதையில் நம் இன்ஜின் ஓடுகிறது. என் ஆல்கோவும் இதற்கு விலக்கு இல்லை. அமெரிக்கப் பாதைக்குச் செய்த இன்ஜினுக்கு நான் நம் வண்ணம் பூசியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வளைவுகளுக்காகச் செய்யும் சமரசத்தை நான் அவ்வளவு குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதில் பாதிப் பிழை வாங்குகிற நம்முடையது. நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மேசைமேல் ஓடும் பிரிட்டிஷ் தண்டவாளத்தில் இரண்டாம் வளைவு என்று விற்கும் அளவின் ஆரம் 438 மில்லிமீட்டர். நிஜ அளவில் கணக்கிட்டால் சுமார் 33 மீட்டர். ஒரு விரைவு நீராவி இன்ஜினை இந்த வளைவில் திருப்ப வேண்டுமென்றால், இன்ஜினுக்கும் அதன் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டருக்கும் நடுவே ஒரு ஆள் விழுகிற அளவு இடைவெளி விட வேண்டும், பின்பக்கச் சக்கரத்தின் விளிம்பைச் சீவி எடுத்துவிட வேண்டும். சீவி எடுத்த சக்கரம் தண்டவாளத்தில் படாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு போகும். பெரிய வளைவு போட நம் வீட்டு அறையில் இடம் இல்லை என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பொறுத்துக்கொள்ளும் இந்தச் சமரசத்துக்கும், பொறுத்துக்கொள்ளவே கூடாத உலோக நோய்க்கும் பல்சக்கரப் பிளவுக்கும் ஒரே பெயரை வைத்து, "மாதிரி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று கடைக்காரர்கள் சமாளிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் மனக்குறையின் மையம் உதிரிபாகம்தான். சிறு வயதில் என் மாமா சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடை ஒன்றில் டிரையாங் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மாதிரி இன்ஜின் ஒன்றை வாங்கி வந்தார். பார்ப்பதற்கு அது கட்டை வண்டி. கைப்பிடிக் கம்பிகூட மேற்கூட்டோடு சேர்த்து வார்த்த ஒரு மேடுதான். ஆனால் அதன் எக்ஸ்ஓ4 மோட்டாரை ஒரே ஒரு திருப்புளியால் பிரிக்கலாம். மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மேலிருந்தே மாற்றலாம். ஸ்பிரிங், காந்தம், ஆர்மேச்சர் எல்லாம் தனித்தனியாக விற்றன. இன்றும் அவற்றை விற்பவர்கள் இருக்கிறார்கள். என் பேரன் ஓட்டுவது அந்த இன்ஜினைத்தான். இப்போது வருகிற மோட்டாரோ மூடி அடைத்த தகரக் குப்பி. பிரஷ் தேய்ந்தால் மோட்டாரையே தூக்கி எறிய வேண்டும். அதே மோட்டார் வேண்டுமென்று கேட்டால், அந்த வரிசை ஒரே ஒருமுறை, முன்பதிவுக்கு ஏற்ற எண்ணிக்கையில் தயாரானது, உதிரிபாகம் இல்லை என்று பதில் வருகிறது. மேற்கூட்டைத் திறக்க வேண்டிய திருகை ஒட்டுப்பசை போட்ட பிரேக் குழாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். குழாயை உடைக்காமல் எண்ணெய்கூடப் போட முடியாது.

இதோடு நாங்கள் பார்த்த வேலையை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914 முதல் தயாரானவை. அந்த வடிவமைப்பைப் பின்பற்றிப் பொன்மலையிலேயே புதிய நீராவி இன்ஜின்களைச் செய்து மலையேற்றினார்கள். வரைபடமும் அளவும் கைவசம் இருந்தால், நூறு ஆண்டு கழித்தும் ஒரு பற்சட்டத்தையோ பிஸ்டனையோ புதிதாகச் செய்துவிடலாம். எட்டு ஆண்டுக்கு முன் வந்த ஒரு சாண் நீள இன்ஜினுக்கு அரை அங்குலப் பல்சக்கரம் கிடைக்கவில்லை.

இந்திய வாடிக்கையாளருக்கு இதில் கூடுதல் நட்டம் உண்டு. சுங்க அட்டவணையில் மின்சாரத்தில் ஓடும் மாதிரி ரயில்கள் பொம்மைகளோடு சேர்ந்து வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் இவ்வளவு வரி கட்டி வாங்கிய பொருள் பழுதானால், கடல் கடந்து திருப்பி அனுப்பி, மாற்றுப் பொருளுக்கு மறுபடி சுங்க அலுவலகத்தில் விளக்கம் சொல்வதைவிடத் தலையில் துண்டு போட்டுக்கொள்வது மேல் என்றுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாகியிருப்பது நல்லது. ஆனால் அந்தத் தரம் குழந்தையின் பாதுகாப்பைப் பார்க்கிறது. வார்ப்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்பது அதன் வேலை இல்லை.

நம் நாட்டில் சில இளைஞர்கள் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் நம் ரயில்வே இன்ஜின்களின் மேற்கூட்டைச் செய்து, உள்ளே இறக்குமதியான அடிச்சட்டத்தை வைத்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். பார்த்தேன், வேலை அழகாக இருக்கிறது. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முயற்சியை மேற்கூட்டில் செலவழிக்க வேண்டாம். கோவையிலும் திருச்சியிலும் இருக்கும் சிறு லேத் பட்டறைகளில் பித்தளையில் பல்சக்கரம் வெட்டித் தருவார்கள். எஃகுத் தகட்டில் அடிச்சட்டம் வெட்டித் தருவார்கள். அதில் துத்தநாக நோய் வராது. கூடவே, பல்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கை, அச்சின் விட்டம், மோட்டாரின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் அச்சிட்டுப் பெட்டியில் போடுங்கள். நீங்கள் கடையை மூடிவிட்டுப் போனாலும், அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்னைப் போன்ற ஒருவர் இன்ஜினை ஓட வைத்துவிடுவார். ஆணித்தலை இரண்டு குறைந்தால் நான் எண்ணிப் பார்க்க மாட்டேன்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் மாதிரி இன்ஜின் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து பாருங்கள். அடிச்சட்டத்தின் ஓரத்தில் கொப்புளம் போல மேடு தெரிந்தாலோ, முன்பு எளிதாகக் கழன்ற மேற்கூடு இறுகியிருந்தாலோ, உலோகம் வளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். மேற்கூட்டை உடனே தனியே எடுத்து வைத்துவிடுங்கள்; இல்லையென்றால் உள்ளே விரியும் உலோகம் அதையும் பிளந்துவிடும். என் பச்சை இன்ஜினில் நான் காப்பாற்றியது அதை மட்டும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர் ஒருவர்,
பொன்மலை, திருச்சி.

பின்குறிப்பு: கட்டுரையோடு வந்த படத்தின் கீழே ஹெச்ஓ அளவு 1:76 என்று அச்சாகியிருந்தது. ஹெச்ஓ 1:87, 1:76 என்பது ஓஓ. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடுவதால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருவதுதான். ஆனால் அதை நம்பி ஒருவர் ஹெச்ஓ பெட்டிகளை வாங்கி ஓஓ இன்ஜினில் இணைத்தால், பெட்டியெல்லாம் இன்ஜினின் தோளுக்குக் கீழே நிற்கும். திருத்தம் வெளியிட்டால் நல்லது.